வெறித்துப் பார்ப்பதும் வலிப்புதான்

வலிப்பு பற்றிய உங்கள் கட்டுரை நன்று. வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்காதீர்கள் என்று அதில் சொன்னது ரொம்பச் சரி. ஆனால் கை கால் வெட்டி இழுப்பதைப் பற்றியே முக்கால்வாசி போய்விட்டது; குழந்தைகளுக்கு வரும், சில விநாடி நினைவு தப்பி வெறித்துப் பார்க்கும் ‘ஆப்சென்ஸ்’ வகைக்கு ஒரே ஒரு வரி. வீட்டில் கண்ணுக்குத் தப்புவது அதுதான்.

என் அக்கா மகளுக்கு இரண்டாம் வகுப்பில் வந்தது. எழுதிக்கொண்டே இருப்பாள், சட்டென்று கை நின்றுவிடும். பார்வை ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும், இமை மட்டும் படபடக்கும். சில விநாடிகள்தான். அப்புறம் ஒன்றும் நடக்காததுபோல விட்ட எழுத்திலிருந்து தொடர்வாள். கவனமே இல்லை என்று டீச்சர் திட்டினார். பாட்டி திருநீறு பூசினார். நரம்பியல் மருத்துவரோ ஒரு காகிதத்தைக் கொடுத்து, அது ஆடும்படி விடாமல் ஊதச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் எங்கள் கண்ணெதிரிலேயே வந்துவிட்டது! வேகமாக மூச்சு விட்டால் இந்த வகை கிளம்பிவிடுமாம். மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனையிலும் விநாடிக்கு 3 என்ற கணக்கில் கூர் அலைகள் தெரிந்தன. (வீட்டில் நீங்களாக ஊதவைத்துப் பார்க்க வேண்டாம்.)

வகை தெரிவது மாத்திரைக்கும் முக்கியம். மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் குவிய வலிப்புக்கு நன்றாகக் கேட்கும் கார்பமாசெபைன் மருந்து இதைக் கூட்டிவிடலாம். இதற்கு எத்தோசக்சிமைடு, வால்ப்ரோயேட் கொடுப்பார்கள். பிந்தையது கர்ப்பத்தில் கருவைப் பாதிக்கக்கூடியது. பெண் குழந்தை என்றால் அதையும் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், நாம் வாயால் விவரிப்பதைவிட அது நன்றாகச் சொல்லிவிடும்.