தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் இப்போது இல்லை

"தமிழ்நாட்டில் மதமாற்றத் தடைச் சட்டம் இருக்கு, ஆபீசில் இயேசுவைப் பற்றி வாயைத் திறந்தாலே கேஸ்தான்" என்று மேலே ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். தப்பான தகவல், சகோதரரே. இதைப் படித்துவிட்டு நம் பிள்ளைகள் பயந்து ஒதுங்கிவிடக் கூடாது.

2002-இல் அப்படி ஒரு சட்டம் வந்தது உண்மை. ஜெயலலிதா அரசு கொண்டுவந்தது. 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பிறகு அதே அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது. அமலில் இருந்தபோதும் அது தடுத்தது வற்புறுத்தியோ ஆசைகாட்டியோ ஏமாற்றியோ மதம் மாற்றுவதைத்தான். விசுவாசத்தைப் பேசுவதை அல்ல.

அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு, பொது ஒழுங்குக்கு உட்பட்டு, மதத்தைப் பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் 1977-இல் ஸ்டெயினிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், எடுத்துச் சொல்லலாம், இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று தீர்ப்பளித்தது. நம் ஆட்கள் பலர் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். அதையும் சேர்த்தே சொல்லணும்.

அப்புறம் ஆபீஸ் விஷயம். கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் மாமியாரைச் சேர்த்திருந்த எங்கள் ஆபீஸ் அக்காவுக்கு இட்லி கொண்டுபோனேன். "ஜெபம் பண்ணட்டுமாக்கா?" என்று கேட்டேன். "பண்ணும்மா" என்றார், பண்ணினேன். வேண்டாம் என்றிருந்தால் டிபன் கேரியரை மட்டும் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். வேலை நேரத்தில் மதப் பேச்சு கூடாது என்று கம்பெனி விதி இருந்தால் மதியுங்கள். லஞ்சில் ஒருவர் கேட்டு நீங்கள் பதில் சொல்வதற்கு இங்கே கேஸ் கிடையாது.