கடைக்குள் நடக்கும் திகிலில் ரத்தத்தைக் குறைக்காதீர்கள்

திகில் படம் என்று பேச்செடுத்தாலே, "கதை நல்லாத்தான் இருக்கு, ரத்தத்தைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்" என்று யாராவது வந்துவிடுவார்கள். பேய் பங்களா படங்களுக்கு அது சரி. சூப்பர் மார்க்கெட், மால், ஃபர்னிச்சர் கடை என்று விற்பனை நடக்கும் இடங்களில் வரும் கதைகளுக்கு அந்த அறிவுரை ஆகாது என்பது என் கட்சி. அங்கே ரத்தத்துக்கும் சிரிப்புக்கும் ஊற்று ஒன்றுதான்: எது நடந்தாலும் வியாபாரம் நிற்கக் கூடாது.

1989இல் ஸ்காட் ஸ்பீகல் எடுத்த 'இன்ட்ரூடர்' ஞாபகம் இருக்கிறதா? ஒரு சூப்பர் மார்க்கெட்டை விற்கப் போகிறார்கள். இரவு ஷிஃப்ட் ஆட்கள் சரக்குக்கெல்லாம் விலையைக் குறைத்து ஒட்டுகிறார்கள், அதாவது தங்கள் வேலை போவதற்கான வேலையைத் தாங்களே செய்கிறார்கள். அப்போதுதான் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். எதனால்? பில் குத்தி வைக்கும் கம்பி, இறைச்சி அறுக்கும் ரம்பம், அட்டைப்பெட்டி நசுக்கும் இயந்திரம். தினமும் அவர்கள் கை படும் சாமான்கள். ஸ்பீகல் சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்தவர், அதனால் எது எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். கொலைகாரன் யார் என்று சொல்லிவிடுகிறேன், படம் வந்து இத்தனை வருஷம் ஆகிவிட்டது: கடையின் பங்குதாரர். விற்க மனசில்லை. அவ்வளவு பாசம், ஆட்கள் மேல் அல்ல, கடை மேல்!

அமெரிக்காவில் வீடியோவாக வந்தபோது ரத்தக் காட்சிகளில் பெரும்பகுதியை வெட்டிவிட்டார்கள். மிஞ்சியது, ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகும் ஒரு சாதாரண மர்மப் படம். ரம்பத்தைக் காட்டாவிட்டால் அந்த நகைச்சுவையே செத்துவிடுகிறது.

ஜார்ஜ் ரொமேரோ பிட்ஸ்பர்க் பக்கத்து மன்ரோவில் மாலில் எடுத்த 1978 ஜாம்பி படம் 'டான் ஆஃப் தி டெட்' பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். பிணங்கள் எஸ்கலேட்டரில் தடுமாற, மாலின் இதமான இசை அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு அது போதும்.

கிரேடி ஹெண்ட்ரிக்ஸ் 2014இல் எழுதிய 'ஹாரர்ஸ்டோர்' நாவல் இன்னும் குறும்பு. ஐக்கியா ஃபர்னிச்சர் கடையின் கேட்டலாக் போலவே அச்சிட்டிருக்கிறார்கள். அத்தியாயங்களின் தொடக்கத்தில் ஃபர்னிச்சர் விளம்பரம்: முதலில் சோஃபா, அலமாரி. போகப் போக, அதே தேன் ஒழுகும் விளம்பர நடையில் சித்திரவதைக் கருவிகள். கதை நடக்கும் ஃபர்னிச்சர் கடை நிற்கும் இடத்தில் 19ஆம் நூற்றாண்டில் சிறை இருந்ததாம். கைதிகளை ஓயாத உழைப்பால் குணப்படுத்தலாம் என்று நம்பிய வார்டன் இன்னும் அங்கேதான் இருக்கிறார். உண்மையைச் சொன்னால், பேய்களை விட அந்தக் கடையின் துணை மேலாளர் பேசும் கம்பெனி வசனங்கள்தான் எனக்குக் கிலி கிளப்பின.

இதெல்லாம் மிகை என்பவர்களுக்கு: 2008 நவம்பர் 28, நியூயார்க் மாநிலம் வேலி ஸ்ட்ரீம். தள்ளுபடிக்குக் காத்திருந்த கூட்டம் வால்மார்ட் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்ததில், தற்காலிக ஊழியர் ஒருவர் மிதிபட்டு இறந்தார். கடையை மூடுகிறோம் என்றபோது சிலர் எரிச்சல்பட்டதாகவும் செய்தி வந்தது. தொழிலாளர் பாதுகாப்புத் துறை விதித்த அபராதம் 7,000 டாலர். இப்படி ஒரு காட்சியை எழுதினால் எடிட்டரே வெட்டிவிடுவார்.

நம் ஊரில் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்பதற்கே 2021இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. ரங்கநாதன் தெருவை வைத்து 'அங்காடித் தெரு' 2010இலேயே வந்துவிட்டது, நல்ல படம், அழவும் வைத்தது. ஆனால் அந்த உலகத்தை யாராவது குரூரமான சிரிப்போடு எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை. தீபாவளிக்கு முந்தின ராத்திரி, ஜவுளிக்கடை நாலாவது மாடி, ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது, ஒரு கஸ்டமர் மட்டும் போக மாட்டேன் என்கிறார். இப்படித் தமிழில் ஏற்கெனவே ஏதாவது வந்திருந்தால் கமென்டில் சொல்லுங்கள், வாங்கிப் படிக்கிறேன்.