டீசலோடு மண்ணெண்ணெய் கலந்தால் இன்ஜெக்டர் சுத்தமாகுமா?

"டாங்கிக்குள் இரண்டு லீற்றர் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள், இன்ஜெக்டர் சுத்தமாகும், டீசலும் மிச்சம்" என்று ஒரு குரல்பதிவு மட்டக்களப்பு, கல்முனைப் பக்க வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இன்ஜெக்டர் என்பது என்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் மூக்கு.

தகவல் பிழை. இது பழைய டொல்பின் வான் காலத்துப் பழக்கம். அந்த வானின் மெக்கானிக்கல் டீசல் பம்ப் ஓரளவு பொறுத்துக்கொண்டது. இப்போதைய டர்போ டீசல் அப்படியல்ல. 2015இல் வந்த டொயோட்டாவின் 1ஜிடி என்ஜினையே எடுங்கள். இப்படியான கொமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாய்) என்ஜின்களில் டீசல் 1600 பாரையும் தாண்டிய அழுத்தத்தில் பாய்கிறது. கார் டயருக்கு நாம் அடிக்கும் காற்றே இரண்டு சொச்சம் பார்தான்! கார்களில் பெரும்பாலும் இந்த அழுத்தத்தைக் கொடுக்கும் பம்புக்கு என்ஜின் ஒயில் போவதில்லை. உள்ளே ஓடும் டீசல்தான் அதற்கு மசகு. மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புப் போதாது. பம்ப் உரசித் தேய்ந்து, உலோகத்தூள் இன்ஜெக்டர் வரை போனால் சுத்தமாவது உங்கள் பொக்கெற்தான்.

சரி, மிச்சமாவது வருமா? அதுவும் இல்லை. லீற்றருக்கு லீற்றர் மண்ணெண்ணெயில் டீசலைவிடச் சக்தி குறைவு.

கடுங்குளிர் நாடுகளில் டீசல் உறையாமலிருக்க மண்ணெண்ணெய் வகையைக் கலப்பது உண்மை. கல்லடிப் பாலத்தில் மார்கழி மழைக்குக்கூட டீசல் உறையாது.

இழுவை குறைந்தால் முதலில் டீசல் பில்டரைப் பாருங்கள். அடியில் தேங்கும் தண்ணீரை வடியுங்கள். அதற்கான விளக்கு எரிந்தால் அன்றைக்கே.