கால் போன அழைப்பிதழ்

(காரைக்குடியில் ஓர் அச்சகம். கானாடுகாத்தான் ஆச்சி கையில் ஒரு கார்டு. கல்லாவில் முருகேசன்.)

ஆச்சி: முருகேசா, இதைக் கொஞ்சம் சத்தமாகப் படி.

முருகேசன்: "சஷ்டியப்தபூர்த்தி சந்தி விழா"... ஐயையோ!

ஆச்சி: எங்க வீட்டுச் சாந்தியைச் சந்தியில கொண்டுவந்து நிறுத்திட்டியேப்பா. ஊர் சிரிக்காதா? அந்தக் கால் எங்கே போச்சு?

முருகேசன்: கம்ப்யூட்டர் எரர், ஆச்சி.

ஆச்சி: அது யாரு? புதுசா வேலைக்குச் சேர்ந்த பையனா?

முருகேசன்: இங்கிலீஷ்ல பிழைக்குப் பேரு. லத்தீன்ல 'எர்ராரே'ன்னா வழி தெரியாமல் அலையறதுன்னு அர்த்தம். அதிலிருந்து வந்த சொல்தான் எரர்.

ஆச்சி: அப்போ எங்க கால் நடந்து எங்கேயோ போயிருச்சுங்கிற. எங்க பாட்டையா ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்கப் போய் அலையாத அலைச்சலா? திரும்பி வரும்போது பர்மாத் தேக்கோட வந்தாரு. உன் எரர் என்னத்தக் கொண்டுவந்துச்சு?

முருகேசன்: அலையறது தப்பில்லை ஆச்சி. ரோமானியர் கிரகங்களைக்கூட அலையற நட்சத்திரங்கள்னு இதே சொல்லை வைத்துத்தான் சொன்னாங்க.

ஆச்சி: அதைச் சொல்லு, கிரகம்தான்! இல்லாட்டி தெருவுக்கு ஒரு பிரஸ் இருக்கிற ஊர்ல உன்னைத் தேடி வந்திருப்பேனா?

முருகேசன்: ஒருவேளை கம்ப்யூட்டர்ல 'பக்' இருக்கலாம். பூச்சின்னு அர்த்தம். 1947ல ஹார்வர்டு மார்க் 2 கம்ப்யூட்டர்ல நிஜமாகவே ஒரு அந்துப்பூச்சி மாட்டிக்கிச்சு. அதைப் பிடித்து நோட்டுப் புத்தகத்திலேயே ஒட்டி வைத்தாங்க.

ஆச்சி: அப்போதான் அந்தப் பேரு வந்துச்சாக்கும்?

முருகேசன்: இல்லை, 1878லயே எடிசன் ஒரு கடிதத்துல எழுதியிருக்காரு. இயந்திரக் கோளாறுக்குப் பூச்சின்னு சொல்றது பழசு. உண்மையான பூச்சி கிடைச்சதுதான் அன்னைக்கு விசேஷம்.

ஆச்சி: சரி, அவுக பூச்சியைப் பிடித்து ஒட்டிக் காட்டினாக. உன் பூச்சி எங்கே? காட்டு, பார்ப்போம்.

முருகேசன்: (தலையைச் சொறிந்து) மிஸ்டேக்குன்னு வச்சுக்குவோம், ஆச்சி.

ஆச்சி: அதுக்கும் ஒரு கதை இருக்குமே?

முருகேசன்: வடக்கு ஐரோப்பாவில் வைக்கிங்குகள் பேசின பழைய மொழியில் 'மிஸ்தாக்கா'. தப்பா எடுக்கறதுன்னு பொருள். அதனால நீங்களும் தப்பா எடுத்துக்காதீங்க.

ஆச்சி: ஏம்ப்பா, இம்புட்டு இங்கிலீஷ் படிச்ச நீ, தமிழ்ல ஒரு காலைப் பார்த்துப் போட்டிருக்கக் கூடாதா?

முருகேசன்: கோவிச்சுக்காதீங்க. புரூஃப் அனுப்பினேன். செட்டியார்தான் 'சரி'ன்னு கையெழுத்துப் போட்டாரு. இந்தா பாருங்க.

ஆச்சி: (பார்த்து) இவுக கையெழுத்துத்தான். அன்னைக்குக் கண்ணாடியைப் பூஜை ரூம்ல வச்சுட்டு முகப்புல உட்கார்ந்து பார்த்தாக.

முருகேசன்: அப்போ அது எரர் இல்லை ஆச்சி, ப்ளண்டர்! அந்தச் சொல்லுக்கு முதல்ல கண்மூடித்தனமாகத் தட்டித் தடுமாறி நடக்கறதுன்னு அர்த்தம்.

ஆச்சி: அறுபது வயசு ஆகப்போற மனுஷனை என் முன்னாலயே கண்மூடிங்கிறியா?

முருகேசன்: ஐயோ, நான் சொல்லலை, அகராதி சொல்லுது.

ஆச்சி: அகராதி பிடிச்சவன்தான் நீ. இப்ப என்ன செய்யப்போற?

முருகேசன்: புதுசா அடிச்சா பேப்பர் செலவு...

ஆச்சி: பேப்பரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பேனாவை எடு. ஐந்நூறு கார்டுலயும் ஒவ்வொரு கால் போடு.

முருகேசன்: ஐந்நூறுமா! கை போயிரும் ஆச்சி.

ஆச்சி: கால்தானே போட்டாகணும், கை போனாப் போகட்டும். முடிச்சதும் பில்லைப் போடு. அதுல ஒரு சைபர் எங்கேயாவது அலையப் போயிருந்தா, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்.