அரைநாள் வகுப்பு போதாது
இங்கிலாந்தின் வாடகைச் சட்ட மாற்றத்துக்கு வீட்டுவசதிப் பணியாளர்களை அரைநாள் வகுப்பில் பயிற்றுவிப்பது குறித்து நான் படித்த ஒரு கட்டுரை, காரணம் கூறாமல் வெளியேற்ற இடமளித்த 21ஆம் பிரிவு 2026 மே 1 முதல் நீங்குவதையே பெரிதாகப் பேசுகிறது. ஆனால் பணியாளர்கள் இடறக்கூடிய இடம், காரணம் காட்டி வீட்டைத் திரும்பப் பெறுவதற்கான 8ஆம் பிரிவுதான்: உரிமையாளர் விற்பனைக்காக வீட்டைத் திரும்பப் பெறுவதானால் குடியேறிய முதல் 12 மாதங்களுக்குள் முடியாது, 4 மாத முன்னறிவிப்பும் தர வேண்டும், வாடகை பாக்கிக்கான கட்டாயக் காரணத்திலோ (நிரூபித்தால் நீதிமன்றம் வெளியேற்ற உத்தரவிட்டே ஆக வேண்டியது) பாக்கி வரம்பு 2 மாதத்திலிருந்து 3 மாதமாகவும், முன்னறிவிப்பு 2 வாரத்திலிருந்து 4 வாரமாகவும் உயர்கிறது. எங்கள் வீட்டு முகவர் அலுவலகம் சென்ற முறை வாடகை உயர்வை ஒற்றை வரி மின்னஞ்சலில் முடித்துக்கொண்டது. இனி அதற்கு, உயர்வை முறைப்படி அறிவிக்கும் 13ஆம் பிரிவுப் படிவமும் 2 மாத அவகாசமும் தேவை. அந்த மேசையில் அமர்பவருக்கு (அவரும் அடிக்கடி மாறிவிடுகிறார்) பழைய நோட்டீஸ் ஒன்றைக் கையில் கொடுத்துப் பிழை காணச் சொல்வதே உருப்படியான பயிற்சி.