நட்டு போனால் போகட்டும், ஆக்சிலைக் காப்பாற்றுங்கள்

காரின் முன்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஆக்சில் நட்டு கழலவில்லை என்றால், எப்படியாவது அதைச் சுற்றி எடுத்துவிட வேண்டும் என்ற வேகம்தான் எல்லாருக்கும் முதலில் வருகிறது. ராடில் பைப்பைச் சொருகு, மேலே ஏறி நில், காற்றழுத்தத்தில் நட்டைச் சுற்றும் ஏர் கன்னை வை. என் கருத்து வேறு. ஒரு கட்டத்துக்கு மேல் அடம் பிடிக்கும் நட்டைச் சுற்றவே கூடாது, வெட்டி எடுக்க வேண்டும். நட்டு சில நூறு ரூபாய்ச் சாமான். அது ஏறி நிற்கும் ஆக்சில், அதாவது இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுவரும் டிரைவ் ஷாஃப்ட், பல ஆயிரம். பட்டறைகளில் நடப்பது என்னவோ தலைகீழ். நட்டைக் காப்பாற்றப் போய் ஷாஃப்டைப் பலி கொடுக்கிறோம்.

தூத்துக்குடியில் வண்டி வேலை பார்க்கிறவர்களுக்குத் துரு புதிதல்ல. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். உப்பளப் பாதையில் ஓடும் வண்டியைத் தூக்கி அடியில் பார்த்தாலே தெரியும். இரும்பு துருவாக மாறும்போது பருமன் கூடும். மரைக்குள் இருக்கும் நூலளவு இடைவெளியையும் அந்தத் துரு நிரப்பிக்கொள்ளும். அதனால்தான் கையால் போட்ட நட்டுகூட நாலு மழைக்காலம் போனால் வெல்டிங் வைத்தது போல நிற்கிறது.

ஆனால் ஆக்சில் மரையை நாசம் செய்வது பெரும்பாலும் துரு இல்லை. நம் ஊரில் ஓடும் நிறைய கார்களில் இந்த நட்டின் வெளிப்பக்கம் மெல்லிய விளிம்பு ஒன்று இருக்கும். நட்டை முறுக்கி முடித்ததும், அந்த விளிம்பை ஷாஃப்டில் உள்ள பள்ளத்துக்குள் பஞ்ச் வைத்துத் தட்டி லாக் செய்வார்கள். நட்டு தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. கழற்றும்போது முதல் வேலை, அந்த மடிப்பை மெல்லிய உளியால் முழுதாக நிமிர்த்துவது. இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்க நேராக ஏர் கன்னை வைத்தால், மடிந்த விளிம்பு உள்ளேயே இருந்தபடி ஒவ்வொரு மரையாகக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

அப்படி வேறு பட்டறையில் கை வைத்துப் பாதியில் நின்ற ஒரு வண்டி சமீபத்தில் எங்களிடம் வந்தது. நட்டு நாலைந்து மரை வந்த பிறகு இறுகியிருக்கிறது, மேலும் முறுக்கியிருக்கிறார்கள். நட்டைப் பிளந்து எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், மரையின் பள்ளத்தில் சுருள் சுருளாக இரும்புச் சீவல். நகத்தால் நெம்பினால் வரவில்லை, அவ்வளவு அழுத்தத்தில் பதிந்திருந்தது. முதல் மூன்று மரையின் முகடு ஒரு பக்கமாகச் சாய்ந்து கத்தி முனைபோல் மின்னியது. உட்பக்கத்து மரையோ கம்பெனியில் இருந்து வந்தது போலவே இருந்தது. அதை வைத்துத்தான் அந்த ஷாஃப்டைப் பிழைக்க வைக்க முடிந்தது, எப்படி என்று கீழே சொல்கிறேன்.

நட்டு கழலும்போது கைக்குச் செய்தி சொல்லும். முதலில் ஒரு டக் சத்தம், பிறகு இலகுவாக வரும். வந்துகொண்டிருந்தது திடீரென்று கனத்தால், உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது என்று பொருள். அங்கேயே நிறுத்த வேண்டும். திரும்ப அரைச் சுற்று உள்ளே முறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி வெளியே. முன்னும் பின்னும் பொறுமையாக ஆட்டினால் துருவும் சீவலும் உதிர்ந்து வரும். இரண்டு இரும்பும் ஒன்றையொன்று கவ்விக்கொண்ட பிறகு வலுவைக் கூட்டக் கூட்ட இன்னும் கவ்வுமே தவிர விடாது. 70 கிலோ ஆள் ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் ஏறி நின்றால் கிட்டத்தட்ட 700 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. பல சின்னக் கார்களில் இந்த நட்டுக்கு விதித்திருப்பது 200-ஐ ஒட்டியே இருக்கும். அந்த வித்தியாசத்தை எல்லாம் யார் தாங்குவது? மரைதான்.

வெட்டுவதற்கு முன் ஒரு இரவு விட்டுப் பாருங்கள். வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு, துரு ஸ்பிரேயோ டீசலோ ஊற்றி மறுநாள் காலை வரை அப்படியே விடுவது பல நட்டுகளுக்குப் போதும். சூடு காட்டுவதும் பலன் தரும், ஆனால் நட்டுக்கு மட்டும் காட்ட வேண்டும். 22 மில்லிமீட்டர் துளை உள்ள நட்டை 200 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் துளை 0.05 மில்லிமீட்டர் அளவுக்கு விரியும். கேட்க அற்பமாகத் தெரியும், துருவை உடைக்க அதுவே போதும். ஷாஃப்டும் சேர்ந்து சூடானால் அதுவும் விரியும், பலன் போய்விடும். பேரிங் சீலும் பிரேக்குக்கான ஏபிஎஸ் சென்சாரும் பக்கத்திலேயே இருப்பதால் கேஸ் வெல்டிங் தீயை நான் இங்கே கொண்டு வரவே விடுவதில்லை.

இத்தனைக்கும் அசையாவிட்டால் வெட்டு. சின்ன கிரைண்டரில் நட்டின் ஒரு பட்டையில், ஷாஃப்டின் நீளவாக்கில் கோடு போடுவது போல வெட்டிக்கொண்டே போக வேண்டும். மரை தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்திவிட வேண்டும். மிச்சமிருக்கும் மெல்லிய சுவரை உளி வைத்து ஒரு அடி அடித்தால் நட்டு வாய் பிளக்கும். பிளந்த நட்டு அனேகமாகக் கையாலேயே சுற்ற வரும். சமயத்தில் ஒரு மரையின் முகட்டில் பிளேடு லேசாகக் கீறிவிடலாம். பரவாயில்லை, அந்தக் கீறல் வண்டியை நிறுத்தாது.

இனி அடிபட்ட மரை. ஷாஃப்டை எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனால், டை போட்டு ஓட்டித் தருகிறேன் என்பார்கள். புது மரை வெட்டும் டை, சாய்ந்த மரையை நிமிர்த்தாது, வழித்து எடுத்துவிடும். அதிலும் முன்னால் இருக்கும் கெட்ட மரையில் இருந்து தொடங்கினால் கோணலாக ஏறி, நல்ல மரையையும் கெடுக்கும். இரண்டாகப் பிளந்த டை கிடைத்தால் அதை உட்பக்கத்து நல்ல மரையில் கவ்வ வைத்து, அங்கிருந்து வெளியே சுற்றிக்கொண்டு வரலாம். நல்ல மரையே வழிகாட்டும். நான் மேலே சொன்ன வண்டிக்கு அதைத்தான் செய்தோம், அதற்கு முன் முக்கோண அரத்தால் சாய்ந்த முகடுகளைச் சீவிவிட்டோம். கைக்கு எட்டும் இன்னொரு வழி, அதே மரையுள்ள புது நட்டு ஒன்றை வாங்கி, உள்மரையில் ஹாக்ஸா பிளேடால் குறுக்கே மூன்று நான்கு வெட்டுப் போடுவது. எண்ணெய் விட்டு முன்னும் பின்னுமாக ஏற்றினால் அழுக்கையும் பிசிறையும் அதுவே வாரிக்கொண்டு வரும். மரையின் பிட்ச் அளவை, அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரத்தை, கேஜ் வைத்துப் பார்க்காமல் எதையும் ஏற்ற வேண்டாம்.

ஒன்றை மட்டும் நான் எந்த விலைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மரை முழுக்கப் போன ஷாஃப்டில் வெல்டிங் நிரப்பி, கடைந்து, புது மரை வெட்டித் தருவது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது பதப்படுத்திய எஃகு. வெல்டிங் சூடு பட்ட இடத்தின் பதம் மாறிப்போய், எப்போது விரிசல் விடும் என்று யாரும் சொல்ல முடியாது. பல கார்களில் பேரிங்கின் உள்வளையங்களைச் சேர்த்து இறுக்கிப் பிடிப்பதே இந்த நட்டுதான். அது விட்டுக்கொடுத்தால் பேரிங் போகும், பிறகு சக்கரமே ஆடும். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நாலுவழிச் சாலையில் நூறில் போகிற வண்டி அது. மரை பாதிக்கு மேல் போயிருந்தால் ஷாஃப்டை மாற்றுங்கள். காசு இல்லை என்றால் வேறு வண்டியில் இருந்து எடுத்த நல்ல ஷாஃப்டைத் தேடுங்கள், அதுகூடத் தேவலை.

வண்டிக்காரர்களிடம் ஒரு வார்த்தை. "மத்தியானத்துக்குள்ள வேணும்ணே" என்று நீங்கள் நிற்பதால்தான் பாதி மரை போகிறது. எண்ணெய் ஊறும் நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை, அதனால் எந்த மெக்கானிக்கும் ஊற விடுவதில்லை. "நாளைக்கு வாங்க" என்று சொல்கிறவரைச் சோம்பேறி என்று நினைக்காதீர்கள். அந்த ஒரு நாளுக்கும் சேர்த்துக் கூலி கேட்டால் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் மூன்று விஷயம் கேளுங்கள். நட்டு புதிதா? லாக் அடித்த நட்டை மறுபடி போடக் கூடாது. விதித்த அளவுக்கு முறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கினார்களா, கன்னாலேயே முடித்துவிட்டார்களா? விளிம்பைப் பள்ளத்துக்குள் தட்டி லாக் செய்தார்களா? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லவே வேண்டாம். வீல் கப்பைக் கழற்றி நீங்களே பார்க்கலாம், பஞ்ச் பட்ட புதுத் தழும்பு வெள்ளையாகத் தெரியும்.