யாருக்கும் இருக்கக்கூடாத பேரு

கோத்தகிரியில நெட் சென்டர் வச்சிருக்கிறவனுக்கு, ஊர்ல பொறக்கிற புள்ளைங்க பேரெல்லாம் தாத்தா பாட்டிக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். பேர் சேர்க்கிற மனு, ஸ்கூல் அட்மிஷன், பாஸ்போர்ட்னு எல்லாத்தையும் டைப் பண்றது நாமதானே. அந்த உரிமையில சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. "யாருக்குமே இல்லாத பேரு"ன்னு சொல்லிக் கொண்டு வர்றதெல்லாம் எனக்கு ஒரே பேராத்தான் தெரியுது.

தஷ்விக், தன்விக், ரித்விக், யஷ்விக். பொண்ணுன்னா தன்ஷிகா, தர்ஷிகா, யாஷிகா. "கூகுள்ல தேடிட்டோம்ணா, நம்ம ஏரியாவுல யாருக்கும் கிடையாது" என்பார் அப்பா, பெருமையா. கொஞ்ச நாள் முன்னாடிதான் இன்னொருத்தர் அதே பேருக்கு ஒரு 'ஏ' கூடப் போட்டு அடிச்சுட்டுப் போயிருப்பார். நான் வாயைத் திறக்க மாட்டேன். தொழில் முக்கியம்.

அவங்களையும் முழுசா குத்தம் சொல்ல முடியல. நட்சத்திர எழுத்துன்னு ஒண்ணு இருக்கே. திருவாதிரைக்கு கு, க, ங, ச. ஹஸ்தத்துக்கு பூ, ஷ, ண, ட. 'ங'வுல ஆரம்பிக்கிற மாதிரி ஒரு பேரு சொல்லுங்க பார்ப்போம்! அதைத் தாண்டி வந்தா நியூமராலஜி. கூட்டுத்தொகை சரியா வரணும்னு நடுவுல ஒரு 'ஹெச்', கடைசியில ரெண்டு 'ஏ'. சான்றிதழ்ல ஒரு ஸ்பெல்லிங், ஆதார்ல வேற, தடுப்பூசி அட்டையில நர்ஸம்மா காதுல விழுந்தது வேற. 2023 அக்டோபர் 1க்கு அப்புறம் பிறந்த புள்ளைங்களுக்கு ஸ்கூல் சேர்க்கையில இருந்து பாஸ்போர்ட் வரைக்கும் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். அதுல ஏறின 'ஹெச்' ஆயுசுக்கும் கூட வரும்.

இதனால நான் புதுப்பேருக்கு எதிரின்னு நினைச்சுடாதீங்க. 1916 வாக்குல வேதாசலம் தன் பேரைத் தனித்தமிழ்ல மறைமலைன்னு மாத்திக்கிட்டப்ப, கேட்டவங்களுக்கு அது விசித்திரமாத்தான் இருந்திருக்கும். அப்புறம் திராவிட இயக்கத்துல ராமையா அன்பழகன் ஆனார், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இன்னைக்கு அந்தப் பேர்ல தெருவுக்கு ஒருத்தர். 1953 மார்ச் 1ல பிறந்த குழந்தைக்கு ஸ்டாலின்னு வச்சாங்க, அந்த வாரம்தான் ரஷ்யாவுல ஸ்டாலின் இறந்துபோயிருந்தார். ஏன் வச்சோம்னு கேட்டா, அவங்ககிட்ட சொல்ல ஒரு காரணம் இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், 2018ல கொடைக்கானல் மலையெல்லாம் குறிஞ்சி பூத்த வருஷம் பிறந்த மகளுக்கு குறிஞ்சின்னே வச்சார். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருதரம் பூக்கிற பூ. 2030ல அடுத்த பூ வரும்போது அவளுக்கும் பன்னிரண்டு வயசு. இப்படி ஒரு பேரு வச்சா நானே டைப்பிங் காசு வாங்க மாட்டேன். "யாருக்கும் இருக்கக்கூடாது"ங்கிறதெல்லாம் ஒரு காரணமா?

அபூர்வமான பேரு வேணும்னா எங்க மலையில அதுக்கா பஞ்சம்? போஜன், ஜோகி, பெள்ளி, நஞ்சன், மாதி, மாசி. எங்க படகர் ஜனங்களோட ஊர்கள்ல, அதாவது ஹட்டிகள்ல, ஒரு காலத்துல கூப்பிட்டா நாலு பேர் திரும்பிப் பார்த்த பேருங்க. இப்ப ஒண்ணாங்கிளாஸ் அட்மிஷன் ஃபாரத்துல இதுல ஒண்ணைக்கூட நான் பார்க்கிறதில்ல. தாத்தா பேருங்கிற கட்டத்துலதான் பார்க்கிறேன். முதுமலை தெப்பக்காட்டுல யானைக்குட்டி வளர்த்த பெள்ளியம்மா கதை 2023ல ஆஸ்கர் மேடை வரைக்கும் போச்சு. உலகமே பெள்ளி, பெள்ளின்னுது. சரி, நாலு பேராவது இந்தப் பேரோட வருவாங்கன்னு பார்த்தேன். வந்தது தஷ்விக்.

ஆனா என்கூடப் படிச்ச போஜன் ஒண்ணு சொன்னான். கோயமுத்தூர் ஹாஸ்டல்ல சாப்பாட்டு நேரத்துல "போஜனம் வந்தாச்சு"ன்னு மூணு வருஷமும் கத்துவாங்களாம். "என் மவனுக்கு அது வேண்டாம்டா"ன்னான். அவன்கிட்ட நான் பழைய பேரோட மகிமை பேசல. பட்டவன் அவன்.

அவன் அம்மா ஒருநாள் வெள்ளை முண்டு கட்டிக்கிட்டு பேரனைக் கையில பிடிச்சுக்கிட்டு கடைக்கு வந்தாங்க. "தம்பி பேரு என்னம்மா?"ன்னு கேட்டேன். வாயைத் திறந்தாங்க, மூடினாங்க, அப்புறம் மருமகளைப் பார்த்தாங்க. "அது அவங்களுக்குத்தான் தெரியும். நான் தம்பின்னுதான் கூப்பிடுறது."

நம்ம சமவெளிப் பக்கமும் வீட்டுக்கு ஒண்ணு, ஏட்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டு பேரு வச்சுக்கிட்டவங்கதான். மாமனார் பேரை வச்ச புள்ளைய மருமக எப்படித் திட்டுறது? அதுக்காகவே ஒரு கூப்பிடுற பேரு வேணும். எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும்.

கூப்பிடுறதுன்னதும் ஞாபகம் வருது. தேயிலைத் தோட்டத்துல எதிர் மேட்டுல நிக்கிற ஆளைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கீங்களா? மஞ்சு இறங்கிட்டா ஆள் தெரியாது, குரல் மட்டும்தான். "போஜா…", "மாதீ…", "செல்வீ…"ன்னு இழுத்தா பள்ளம் தாண்டிப் போய்ச் சேரும். "தஷ்விக்"கை எங்க பிடிச்சு இழுக்குறது? வாயை விட்டு வெளியே வர்றப்பவே கதவைச் சாத்திக்குது. பேரு வைக்கிறதே கூப்பிடத்தானே?

அவசரமும் ஒண்ணும் கிடையாது. பிறந்த 21 நாளுக்குள்ள பிறப்பைப் பதிஞ்சா போதும், பேரு இல்லாமலே பதியலாம். ஒரு வருஷத்துக்குள்ள பேரைக் கட்டணமில்லாம சேர்த்துக்கலாம். அதுக்கு அப்புறமும் தாமதக் கட்டணத்தோட 15 வருஷம் வரைக்கும் வழி இருக்கு. ஒருதரம் ஏறிட்டா மாத்துறதுதான் கஷ்டம், அரசிதழ் வரைக்கும் அலையணும். அதனால நினைச்ச பேரைக் கொஞ்ச மாசம் வீட்டுல கூப்பிட்டுப் பாருங்க. பாட்டி வாயில வருதா, கோவத்துல திட்ட வருதா, மேட்டுல நின்னு கத்தினா கேக்குதான்னு பார்த்துட்டு வாங்க.

வரும்போது பேரைத் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் ஒரு பேப்பர்ல எழுதி, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பார்த்து ஒத்துக்கிட்டுக் கொண்டு வாங்க. என் கம்ப்யூட்டர் முன்னாடி வந்து நின்னுக்கிட்டு "ஒரு ஏ-வா, ரெண்டு ஏ-வா"ன்னு சண்டை போடாதீங்க. பின்னாடி வரிசையில ஆள் நிக்குது.